பழைய எச்டி பாக்ஸுக்கு புது டிஷ், பாதி சேனல் காணோம் – என் அனுபவம்

மண்டபம் ஊர்ல மாடியில இருந்த டிஷ் உப்புக்காத்துல அரிச்சுப் போச்சு, பழைய எச்டி ரிசீவர் நல்லாத்தான் ஓடுது, அதனால டிஷ்ஷும் எல்என்பியும் (டிஷ் முன்னாடி நின்னு சிக்னல வாங்குற தலை) மட்டும் புதுசு வாங்கினோம். சாட்டிலைட் சிக்னல் செங்குத்து (வெர்டிகல்), கிடை (ஹாரிசாண்டல்)னு ரெண்டு வகையா வரும். இதுல வெர்டிகல் சேனல் பளிச்சுனு வருது, ஹாரிசாண்டல் ஒண்ணுகூட வரல. ஸ்ட்ரென்த் நிறைய காட்டுது, குவாலிட்டி சைபர்.

டிஷ்ஷ திருப்பியாச்சு, எல்என்பிய சுத்தியாச்சு, மெனுல எல்என்பி வகை யுனிவர்சல், அதோட அலைவரிசை எண் 9750/10600, எல்லாம் சரியாவே இருக்கு. கடைக்காரர் யுனிகேபிள் எல்என்பி (ஒரே கேபிள்ல பல பாக்ஸ் ஓட்டுற வகை) போடலாம்னார், வேணாம்னுட்டேன், அதுக்கு பாக்ஸ் தனி கமாண்ட் அனுப்பணும், என் பழைய மாடல்ல அந்த ஆப்ஷனே இல்ல. இந்த மாதிரி பாக்ஸுக்கு சாதா யுனிவர்சல்தான் சரி.

கவனிக்க வேண்டியது இதுதான். பாக்ஸ் 13 வோல்ட் குடுத்தா எல்என்பி வெர்டிகல் எடுக்கும், 18 குடுத்தா ஹாரிசாண்டல். மாடியில கேபிள கழட்டி மல்டிமீட்டர் வச்சா 18 அப்படியே காட்டுது, லோடு, அதாவது கரண்ட் இழுக்க எல்என்பி, இல்லாதப்ப அப்படித்தான் காட்டும்! நடுவுல ஒரு டிசி பாஸ் ஸ்ப்ளிட்டர் (கரண்ட்டையும் கடத்துற பிரிப்பான்) போட்டு எல்என்பி ஓடும்போதே அளந்தா 15ஐக்கூட எட்டல, அதான் எல்என்பி வெர்டிகல்லயே நின்னுருக்கு. கனெக்டர பிரிச்சா உள்ள பச்சை பூத்து, நடுக்கம்பி துரு, அங்கதான் வோல்ட் குறைஞ்சிருக்கு. அது மேல மட்டும் செம்பு பூசின இரும்புக்கம்பி, வெளிய பாத்தா கேபிள் புதுசு மாதிரியே இருக்கு.

முழு செம்புக்கம்பி ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்குப் போடுற கேபிள் வகை) கேபிள், அழுத்திப் பொருத்துற கம்ப்ரஷன் கனெக்டர், மேல தன்னால ஒட்டிக்கிற ரப்பர் டேப், அப்புறம் மழைத்தண்ணி கனெக்டருக்குள்ள இறங்காம கீழ சொட்டுற மாதிரி கேபிள்ல ஒரு வளைவு, இதெல்லாம் போட்டேன். இப்ப லோடுலயே 17.6 வருது, ஹாரிசாண்டல் சேனல் மொத்தமும் வந்துருச்சு, அப்பாடானு இருக்கு.