டிரஸ்டியாகக் கையெழுத்துப் போடும் முன்பும் பின்பும்

வியாசர்பாடியில் மாலை வகுப்பு, காசிமேட்டில் படிப்பு உதவி, பழைய வண்ணாரப்பேட்டையில் அன்னதானம் என்று சிறிய அறக்கட்டளை தொடங்குகிறவர்கள் ஏரியாவில் மதிப்பான ஒருவரிடம் போய், "பேருக்கு டிரஸ்டியா இருங்கண்ணா" என்பார்கள். பேருக்கு டிரஸ்டி என்று சட்டத்தில் ஒருவர் கிடையாது. இன்னொருவர் பணத்தைக் கையாடுவது தெரிந்தும் சும்மா இருந்தால், அந்த நஷ்டத்துக்கு நீங்களும் பொறுப்பு.

சம்மதிக்கும் முன், பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி முழுக்கப் படியுங்கள். நோக்கம் என்ன, கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர், வங்கியில் யார் கையெழுத்து, விலகுவது எப்படி என்று பாருங்கள். நோக்கம் கல்வி மட்டும் என்றிருந்தால், அந்தப் பணத்தில் ஆடி மாதக் கூழுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. நல்ல காரியம்தானே என்பது பதிலாகாது. இடம் இருந்தால் வில்லங்கச் சான்று போடுங்கள். நிறுவனர் பேரிலேயே கிடந்தால், அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் பங்கு கேட்பார்கள்.

அதிகம் கோட்டை விடுவது காசோலையில்தான். இருவர் கையெழுத்து என்று வைத்திருப்பார்கள். ஷிப்டுக்குப் போகும் டிரஸ்டியிடம் வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்புறம் அந்த இரண்டாவது கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை. பில்லைப் பார்த்து, தொகையும் பேரும் எழுதிய பிறகே போடுங்கள். அவசரம் என்றால் ஆன்லைனில் ஒருவர் பதிந்து மற்றவர் ஒப்புதல் தரும் வசதியை வங்கியில் கேளுங்கள்.

ஒவ்வொரு நன்கொடைக்கும் வரிசை எண் உள்ள ரசீது வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவருக்கு 80ஜி எனப்படும் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது, வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். 80ஜி அனுமதி பெற்ற டிரஸ்ட், ஆண்டு நன்கொடை அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். மழைக்கால நிவாரணமாக வரும் அரிசி, போர்வைக்குத் தனி இருப்புப் பதிவேடு வையுங்கள். வாங்கியவர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

டிரஸ்ட் கடையை ஒரு டிரஸ்டியின் மச்சானுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால், அந்தச் சலுகை அளவுக்கு வருமான வரி விலக்கு பறிபோகலாம். அந்தப் பேச்சு வரும்போது சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போகட்டும். டிரஸ்ட் சொத்தை டிரஸ்டியே விலைக்கு வாங்கவும் கூடாது.

தீர்மானப் புத்தகம் பைண்டு செய்ததாக, பக்க எண்ணோடு இருக்க வேண்டும், தனித்தாள் உதவாது. உடன்பாடில்லை என்றால் வாயால் சொல்லி விடாதீர்கள், மறுப்பை அதில் எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். கொருக்குப்பேட்டை மாதிரி தண்ணீர் தேங்கும் இடத்தில் தரைத்தளத்தில் ஆபீஸ் இருந்தால், பத்திரமும் கணக்கும் மாடியில் இருக்கட்டும். ஸ்கேன் நகலை இரண்டு பேர் வைத்திருங்கள்.

விலகுவதாக இருந்தால் கடிதம் கொடுத்ததோடு நிற்காதீர்கள். பத்திரம் சொல்லும் முறைப்படி தீர்மானம் போட்டு, வசமிருக்கும் கணக்கை ஒப்படைத்து, ஒப்புகை வாங்குங்கள். வங்கியிலும் வருமான வரித் தளத்திலும் உங்கள் பெயர் நீங்கியதை நீங்களே சரிபாருங்கள்.