பொருத்தனை பண்ண முன் வீட்டுக்குப் போங்கள்

போன மாதம் ஆராதனை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது ஒரு தம்பி ஓடிவந்தான். ஞானஸ்நானம் எடுத்து நாலு மாதம்தான். "அண்ணன், சேர்த்து வைச்ச காசு முழுக்க ஆண்டவருக்குக் குடுக்கப் போறன்" என்றான். எந்தக் காசு என்று கேட்டேன். "அக்காட வீட்டுக்கு வைச்சது."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

குடிக்காதே, பொய் சொல்லாதே என்று புத்தி சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. பக்தி வைராக்கியத்தாலேயே நாம் விழுகிற குழிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டாரின் பங்கைக் காணிக்கையாக்குவது

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்து மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அண்ணன் தம்பிமாரின் உழைப்பில் பெரும்பங்கு அந்த வீட்டுக்குப் போகும். இந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு கதை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். நான் கட்டாரில் மூன்று வருடம் உழைத்து ஆறு இலட்சம் கொண்டுவந்தேன். பெரியகல்லாற்றில் தங்கச்சியின் வளவில் அத்திவாரம் போட்டாயிற்று.

அந்த நேரம் ஒரு உபவாசக் கூட்டம். கட்டட நிதிக்கு யார் யார் எவ்வளவு என்று மேடையில் நின்று கேட்டார்கள். எழும்பி "நாலு இலட்சம்" என்றேன். கைதட்டினார்கள். வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அது உன்ட காசா மனே?" தாய் தகப்பனை இயேசுவிலும் அதிகமாக நேசிக்கக் கூடாது என்ற வசனத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

தங்கச்சிக்குப் பேசிவந்த சம்பந்தம் தட்டிப்போனது. அரிந்து வைத்த கல்லில் பாசி பிடித்தது, அத்திவாரத்துக்குள் எருக்கலை முளைத்தது. ஐந்து வருடம். பிறகு மோட்டார் சைக்கிளை விற்று, இரண்டு வேலை செய்து வீட்டை முடித்தேன். தங்கச்சி இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பாரம்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-இல் இருக்கிறது. மாற்கு 7 இன்னும் நேராகப் பேசுகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கற்பித்தவர்களை இயேசு கண்டித்தார். லேவியராகமம் 27:8-ஐயும் வாசியுங்கள். பொருத்தனை பண்ணினவன், அதாவது தேவனுக்கு நேர்ந்துகொண்டவன், ஏழையென்றால், அவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் மதிப்பைக் குறைக்க வேண்டும். கொடுக்கிறவனின் நிலைமையை விசாரிப்பது வாங்குகிற இடத்தின் கடமை என்பதுதானே இதன் பொருள்? இதைச் சொல்லாமல் மேடையில் தொகை கேட்பவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கிழமைக்குக் கிழமை லோன் கட்டுகிற வீடுகளிலிருந்து வருகிற சகோதரிமார் பயந்து பயந்து தொகை எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இல்லாததைக் கொடுக்கும்படி பவுல் கேட்கவில்லை. 2 கொரிந்தியர் 8:12-இன்படி, உள்ளதிலிருந்து மனவிருப்பத்தோடு கொடுத்தால் போதும்.

ஆகவே கூட்டத்தில் எழும்பாதீர்கள். அந்தக் காசில் யாருக்குப் பங்கு இருக்கிறதோ அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். பிறகு உங்கள் பங்கிலிருந்து, பெயர் எழுதாத உறையில் போடுங்கள். அந்தத் தம்பியையும் அக்காவிடம்தான் அனுப்பினேன்.

சொந்தக்காரர் வீட்டில் கைநனைக்காமல் வருவது

சாமிக்குப் படைத்தது என்று சொன்னால் மரியாதையாக விலகலாம். மற்றபடி, அழைத்தவர் வைத்ததைச் சாப்பிடச் சொல்கிறது 1 கொரிந்தியர் 10. மாமி ஊற்றிய தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி வருவதால் ஆண்டவருக்கு என்ன மகிமை? மாமியின் மனம்தான் நோகும்.

ஒரு வருடத்தில் பலன் தேடுவது

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814-இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815-இல் இங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஞாயிறு பாடசாலைக்கு ஆறு பிள்ளைகள்தான் வருகிறார்கள் என்று கைவிடாதீர்கள்.

முழு இரவு ஜெபம்

காலையில் வேலைக்கு நேரத்துக்குப் போங்கள்.

உபவாசத்தில் குளிசையை நிறுத்துவது

வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் உபவாசமே இருக்க வேண்டாம்.