வெட்டவெளியில் நிற்கும் கரி எஞ்சின்: மழைக்கு முன் செய்யவேண்டியவை

பழைய நீராவி ரயில் எஞ்சினைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்ததும் முதல் பேச்சு, "என்ன கலர் அடிக்கலாம்?" பெயிண்ட் கடைசி வேலை. செங்கோட்டை மலைப்பாதையில் ஓடிய மீட்டர் கேஜ் எஞ்சினானாலும், பரம்பிக்குளம் காட்டிலிருந்து மரம் இறக்கிய வன டிராம் எஞ்சினானாலும், அதை அழிப்பது உள்ளே தேங்கும் தண்ணீர். தண்ணீருக்கு வழிவிட்டால் பாதி எஞ்சின் பிழைத்தது.

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் ஆனியிலேயே சாரல் பிடித்துவிடும். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் மழை. அதற்குத் தகுந்தபடி நாள் குறியுங்கள். எஞ்சின் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

முதலில் புகைப்பெட்டி, அதாவது எஞ்சினின் முன்னால் புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் அறை. முன்கதவின் கைப்பிடி இறுகியிருந்தால் சுத்தியால் அடிக்காதீர்கள். மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். உள்ளே பழைய சாம்பல் கிடக்கும். நிலக்கரியில் கந்தகம் உண்டு. சாம்பல் நனைந்தால் அமிலமாகி அடித்தகட்டைச் சல்லடையாக்கிவிடும். ஹோஸ் வைத்துக் கழுவவே கூடாது, குழம்பாகி மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். மாஸ்க் கட்டிக்கொண்டு, மரத்தகட்டால் சுரண்டிச் சாக்கில் அள்ளுங்கள். பிறகு சிறு சுத்தியால் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் கெட்டி, 'டப்' என்று செத்த சத்தம் வந்தால் அந்த இடம் மெலிந்துவிட்டது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

புகைபோக்கிக்குத் தகரத்தொப்பி வேண்டும். ஆனால் அழுத்தி மூடக்கூடாது. சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளியும் அதில் கம்பிவலையும் இருக்கட்டும். காற்றோட்டம் இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து, மழையே இல்லாமல் துரு ஏறும்.

பாய்லரின் அடி பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைக்கு வலை கட்டுங்கள். பிளக்குகள் பித்தளையானால் வெளியே விட்டுவைத்தால் காணாமல் போகும். சீட்டு ஒட்டிப் பூட்டி வையுங்கள். சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்து கம்பியால் குத்திவிடுங்கள். டெண்டரில், அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியில், மிஞ்சிய கரித்தூளும் வெளியே போகட்டும்.

பாய்லர் மேல்தகட்டுக்கு அடியில் வெள்ளைநார் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் வரவேண்டும்.

கழற்றக்கூடிய சிறு இரும்புப் பாகங்களை 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊறவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்; அதிகம் ஊறினால் நல்ல இரும்பையே தின்னும். எடுத்ததும் சலவைச் சோடா நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவுங்கள். சக்கரங்களை இணைக்கும் ராடுகளுக்குப் பெயிண்ட் வேண்டாம். மண்ணெண்ணெயில் துடைத்து மெல்லிய கிரீஸ் போதும்.

இனி பெயிண்ட். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும், கிரைண்டர் வேண்டாம்; தண்ணீர் நனைத்து வாட்டர் பேப்பரால் தேயுங்கள். தேய்த்து உலர்ந்த இடத்தில் அன்றே பிரைமர் விழவேண்டும். காலை பத்து மணிக்குமேல் வெயில்பட்ட தகட்டில் கை வைக்கமுடியாது. அதில் அடித்த பெயிண்ட் கொப்பளிக்கும். காலை ஆறு மணிக்கு மேற்குப் பக்கம், சாயங்காலம் நாலுக்குமேல் கிழக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லரில் தீ மூட்டவோ, கம்ப்ரஸர் காற்று ஏற்றவோ கூடாது. பழைய தகடு வெடித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

முதல் மழை விட்ட மறுநாள் டார்ச்சோடு உள்ளே போய்ப் பாருங்கள். எங்கே ஈரமோ அங்கே சாக்பீஸ் கோடு.