பழைய குவாலிஸில் அதிர்வு: பாகத்தை மாற்றும் முன் சுழற்சியைப் பிரித்தறிதல்

மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடந்த வண்டி மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் நடுங்கத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் வீல் பேலன்சிங் செய்கிறார்கள். அதில் தீராவிட்டால் என்ஜினைத் தாங்கும் ரப்பரான என்ஜின் மவுண்டிங்கையும், அதற்கும் அடங்காவிட்டால் ஜாயிண்ட் கிராஸையும் (பின்சக்கரங்களை இயக்கும் தண்டின் மூட்டில் உள்ள சிலுவை வடிவப் பாகம்) மாற்றுகிறார்கள். இப்படி ஊகத்தின் பேரில் உதிரி பாகம் வாங்குவதைவிட, வண்டியில் சுழலும் பாகங்களுள் எதன் வேகத்தோடு அதிர்வு சேர்ந்து வருகிறது என்று சாலையிலேயே கண்டறிவது மேல். 2000 முதல் 2005 வரை இந்தியாவில் விற்பனையான டொயோட்டா குவாலிஸை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். முன்னால் உள்ள என்ஜின், புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சு வரை செல்லும் நீண்ட தண்டு) வழியாகப் பின்சக்கரங்களை இயக்கும் எந்த வண்டிக்கும் இம்முறை பொருந்தும்.

டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிட்டு, நான்கு டயர்களின் மேற்பரப்பையும் உட்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பார்த்தால், உள்ளே பட்டை விட்டுப்போன டயரில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அத்தகைய டயரை எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் பயனில்லை. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுக்கம் வந்தால், அது டிஸ்க் அல்லது டிரம் பற்றிய வேறு விஷயம்.

டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும் என்று கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். பின் அச்சின் நடுவே ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் விகிதம் 4 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்டின் நான்கு சுற்று) என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் ஷாஃப்ட் சுமார் 44 முறை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,650 முறை சுற்றும். இந்த நான்கு மடங்கு வேறுபாட்டை உடலே உணரும்: சக்கரத்தின் கோளாறு ஸ்டீயரிங்கையோ இருக்கையையோ உதறும் குலுக்கலாகவும், ஷாஃப்டின் கோளாறு தரைத்தகட்டில் பாதம் மதமதக்கும் ரீங்காரமாகவும் தெரியும். தேய்ந்த ஜாயிண்ட் ஒரு சுற்றுக்கு இருமுறை அதிர்வதால், அதன் ஓசை இன்னும் நெருக்கமாக இருக்கும்.

ஆளில்லாத நேரான சாலையில், அதிர்வு வரும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியரை மாற்றியதால் என்ஜினின் வேகம் மாறியும் அதிர்வு மாறாவிட்டால், என்ஜினை விட்டுவிட்டு கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடலாம். அடுத்து, அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட வேண்டும். என்ஜினை அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக்கின் துணைவிசையும் ஸ்டீயரிங்கின் துணைவிசையும் போய்விடும். நியூட்ரலிலும் சக்கரங்கள் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டே இருப்பதால், அப்போதும் தொடரும் ரீங்காரம் ஷாஃப்டின் பேலன்ஸ் குலைந்திருப்பதையும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் எழுந்து காலை எடுத்ததும் மறையும் நடுக்கம் ஜாயிண்ட், ஷாஃப்டின் கோணம், மவுண்டிங் ஆகியவற்றையும் பெரும்பாலும் சுட்டும். வண்டி நிற்கும்போதே என்ஜினை முறுக்கினால் அதே நடுக்கம் வருமானால், கோளாறு என்ஜின் பக்கமே; ஷாஃப்டைக் கீழே படுத்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

கீழே பார்ப்பதற்கு ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது; ஸ்டாண்ட் வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட வேண்டும். ஜாயிண்டின் இருபுறத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருகுங்கள். பிறகு மேலும் கீழும் அசையுங்கள். நல்ல ஜாயிண்டில் ஆட்டமே இராது. கிராஸின் முனைகளை மூடும் கப்பைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்டுவிட்டது என்று கொள்ளலாம். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது கேட்கும் ‘டங்’ என்ற ஓசையும் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வரும். ஷாஃப்டின் குழாயில் ஒடுக்கு இருக்கிறதா, பேலன்ஸுக்காகப் பற்றவைத்த சிறு எடைத்தகடு உதிர்ந்துபோன தழும்பு தெரிகிறதா, காய்ந்த சேறு ஒருபுறமாக அப்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில், சென்டர் பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால் வண்டி எடுக்கும்போதே உதறும்.

கிளட்ச் வேலை முடிந்து வந்த பிறகு தொடங்கிய அதிர்வு என்றால், நான் முதலில் சந்தேகிப்பது ஷாஃப்டை மாட்டிய விதத்தைத்தான். கோணத்தில் சுழலும் ஒவ்வொரு ஜாயிண்டும் ஒரு சுற்றுக்குள் வேகத்தை இருமுறை கூட்டிக் குறைக்கும். மறுமுனை ஜாயிண்ட் அதை ஈடுசெய்ய வேண்டுமானால், ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நடுவில் உள்ள ஸ்ப்லைனை, அதாவது ஷாஃப்டின் இரு பகுதிகளும் பற்களால் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இணைப்பை, கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இந்த ஈடு கெட்டுவிடும். ஆகவே, கழற்றும் முன் பெயின்டால் குறியிடச் சொல்வது வண்டிக்காரரின் உரிமை. எந்த நல்ல மெக்கானிக்கும் இதற்குக் கோபிக்க மாட்டார். பாரம் தாங்குவதற்காகப் பின்புற ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தாலும் இந்தக் கோணங்கள் மாறிவிடும்.

முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் வண்டி துள்ளினால் கிளட்ச் பிளேட்டையும், ஐடிலில் மட்டும் நடுங்கினால் என்ஜின் மவுண்டிங்கையும் பாருங்கள்.

ஓடித் தேய்ந்த வண்டியில் இரண்டு மூன்று கோளாறுகள் ஒன்றாக இருப்பது சகஜம் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, அதே சாலையில் அதே வேகத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிராஸ் மாற்றிய பின்னும் ரீங்காரம் மிஞ்சினால், ஷாஃப்டைப் பேலன்சிங் இயந்திரம் உள்ள பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும். சாதாரண லேத்தில் வளைவைக் காணலாமே தவிர, எடை ஏற்றத்தாழ்வை அளக்க முடியாது. ஜாயிண்டில் கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் அந்தப் பட்டறை வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. ஓட்டத்தில் ஷாஃப்டின் முன்முனை கழன்று தரையில் குத்தினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். எனவே பின்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.