புதுக் காரில் முதல் கீறல்: பம்பருக்கு அவசரம் வேண்டாம், கதவுக்குத் தாமதம் வேண்டாம்

புதுச்சேரி ஒயிட் டவுனில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு பழக்கமாக இருக்கும். ரோமன் ரோலண்ட் வீதி மாதிரி இடத்தில் நெருக்கி நிறுத்திவிட்டுத் திரும்பும்போது பம்பர் ஓரம் மஞ்சள் பூசிய சுவரில் லேசாக உரசும். இறங்கிப் பார்த்தால் பெயின்ட் போன மாதிரி நீளமாக ஒரு மஞ்சள் தடம். கடலூர்க்காரர்களுக்கு இது வேறு வடிவத்தில் வரும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் இரண்டு பைக்குகளுக்கு நடுவே வண்டியை விட்டுவிட்டு வந்தால், கதவில் பிரேக் லீவர் இழுத்த கோடு.

இந்த இரண்டில் முதலாவதுக்குத்தான் ஊரே பதறுகிறது. அன்று மாலையே பெயின்டரைத் தேடிப் போகிறார்கள். கதவில் விழுந்த மெல்லிய கோட்டை, ‘சின்னதுதானே, தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர்.

பம்பர் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. ஆறு மாதம் கழித்துச் சரிசெய்தாலும் கீறல் அதே கீறல்தான். கதவும் ஃபென்டரும் (சக்கரத்தை மூடும் பக்கப் பாகம்) பெரும்பாலான கார்களில் இரும்புத் தகடு. கீறல் தகடு வரை இறங்கியிருந்தால், உப்புக்காற்று அடிக்கும் இந்தக் கரையில் சில நாட்களிலேயே பழுப்பு தட்டிவிடும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். துரு ஓரங்களில் பெயின்டுக்கு அடியில் பரவிவிட்டால், கீறலுக்குள் மட்டும் நிறம் வைக்கும் டச்-அப் பேனாவால் முடிந்திருக்க வேண்டிய வேலை முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்கும் வேலையாகிவிடும்.

ஆகவே முதல் தவறு, ஆழம் பார்க்காமல் கை வைப்பது. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் நிறம் பிடிப்பதற்கான பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூடத் தேறாது. கீறிய இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். நகத்தை லேசாகக் குறுக்கே ஓட்டும்போது மாட்டினால் ஆழம் அதிகம். கதவில் வெளிறிய சாம்பல் தெரிந்தால் பிரைமர், பளிச்சென்று உலோகம் தெரிந்தால் தகடு. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் பிளாஸ்டிக்.

அந்த மஞ்சள் கோடு பெரும்பாலும் இவை எதுவுமே இல்லை. உங்கள் பெயின்ட் போகவில்லை, சுவரின் பூச்சு உங்கள் வண்டிக்கு வந்திருக்கிறது. ஷாம்பு போட்டுக் கழுவி, தார் நீக்கும் திரவத்தையோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலையோ மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். மீதி தெரியும் கீறல் நீங்கள் பயந்ததில் கால்வாசிகூட இருக்காது. இங்கே பலர் செய்யும் தப்பு, ஹார்டுவேர் கடையில் தின்னர் வாங்கி ஊற்றுவது. அது சுவர் பூச்சோடு நிற்காது, பம்பரின் பெயின்டையும் மங்கலாக்கும். ஏற்கெனவே ஒருமுறை வெளியில் பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் குழைந்தே போய்விடும்.

கழுவாமல் துடைப்பதும் அப்படித்தான். தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போய்வந்த வண்டியின் மேல் படிந்திருப்பது வெறும் தூசி இல்லை, மணல். காய்ந்த துணியால் ‘கீறல் போகுதா’ என்று தேய்த்தால், ஒன்று இருந்த இடத்தில் வட்டவட்டமாக நூறு விழும்.

பற்பசை வைத்தியத்தை எத்தனை பேர் சொன்னாலும் நம்பாதீர்கள். அதில் அராவும் துகள் இருப்பது உண்மை. ஆனால் கார் பெயின்டுக்கு என்று அளந்து செய்தது இல்லை. கீறலைச் சுற்றிலும் மங்கலாக்கி, கோடு கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது. தேங்காய் எண்ணெய், டேஷ்போர்டு பளபளப்புக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே இவை இன்னும் மோசம். கீறலை நிரப்பி மறைத்துவிட்டு அடுத்த வாஷில் காணாமல் போகும். அந்த எண்ணெய்ப் பசை மட்டும் பள்ளத்தில் தங்கும், பிறகு அடிக்கும் பெயின்ட் அங்கே ஒட்டாமல் குழிகுழியாக விலகி நிற்கும். கிளியர் கோட்டோடு நின்ற கீறலுக்கு நல்ல ரப்பிங் காம்பவுண்டும் (கார் பெயின்டுக்கான அராவும் பசை) அதன்பின் பாலிஷும் போதும், கையாலேயே செய்யலாம். பஃபிங் மிஷினை முதல்முறையாகப் புதுக் காரில் ஓட்டிப் பழக வேண்டாம். விளிம்புகளில் கிளியர் கோட் சீக்கிரம் தேய்ந்துவிடும், தேய்ந்தது திரும்பாது.

தகடு தெரிந்தால் டச்-அப்பை அந்த வாரமே முடித்துவிடுங்கள். கலர் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ‘வெள்ளை’ என்று கேட்டால் கடைக்காரரிடம் பல வெள்ளை இருக்கும். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பெயின்டின் குறியீட்டு எண் இருக்கும், அதைக் கொடுத்து வாங்குங்கள். இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, பழுப்பு தட்டியிருந்தால் மெல்லிய வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அதை முழுக்க எடுத்து, பிரைமர் வைத்து, அப்புறம்தான் நிறம். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமனாக இருக்கும், அதைவிடப் பல்குச்சி நுனி நல்லது. ஒரே தடவையில் நிரப்பினால் சொட்டாகத் தங்கி முதலில் இருந்ததைவிட அசிங்கமாகத் தெரியும். மெல்லிசாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. சுடும் வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதீர்கள். கிட்டே போய்ப் பார்த்தால் தெரியத்தான் செய்யும். துருவை நிறுத்துவதுதான் இதன் வேலை, அழகு இரண்டாம்பட்சம்.

பம்பருக்கு வருவோம். ‘அந்த இடத்துக்கு மட்டும் ஸ்பாட் அடிச்சுத் தர்றேன் சார்’ என்பவரிடம் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். கிளியர் கோட்டை நடுவில் நிறுத்தினால் சில மாதங்களில் அந்த ஓரம் கோடாகத் தெரியும். நிறத்தைச் சின்ன இடத்தில் அடித்தாலும் கிளியரைப் பாகம் முழுவதும் அடிக்கச் சொல்லுங்கள். சில்வர், பேர்ல் நிறங்களில் பக்கத்துப் பாகத்தோடு கலந்து அடிக்காவிட்டால் வெயிலில் இரண்டு கலராகத் தெரியும். பம்பர் வளையும் பொருள். பள்ளம் நிரப்பச் சாதாரணப் பட்டி வைத்தால் விரிசல் விடும், பிளாஸ்டிக் பிரைமர் போடுகிறாரா என்று கேளுங்கள். பம்பருக்குப் பின்னால் ரேடார் (சுற்றியுள்ள வண்டிகளை உணரும் கருவி) உள்ள வண்டியென்றால் அந்த இடத்தில் பட்டியும் தடிமனான பெயின்டும் கூடவே கூடாது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, திறந்த ஷெட்டில் பெயின்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். ஈரக்காற்றில் பெயின்ட் வெளிறிப்போகும். மூடிய பூத் உள்ள இடத்தைத் தேடுங்கள், இல்லையென்றால் பொங்கல் வரை பொறுங்கள்.

‘இன்ஷூரன்ஸ்தான் இருக்கே’ என்பது செலவு பிடிக்கும் தவறு. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் எடுத்திருந்தாலும், ஒவ்வொரு கிளைமிலும் உங்கள் கையிலிருந்து போகும் கட்டாயப் பிடித்தம் உண்டு, 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. அதைவிடப் பெரியது நோ கிளைம் போனஸ். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் இந்தத் தள்ளுபடி வரும். பாலிசியில் போனஸ் பாதுகாப்பு தனியாக எடுக்காவிட்டால், ஒரு கிளைமில் எல்லாம் சுழியத்துக்கு வந்துவிடும். பம்பர் பெயின்ட் செலவையும் போகும் தள்ளுபடியையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒரு உரசலுக்குப் பெரும்பாலும் கைக்காசு லாபம். கிளைம்தான் என்று முடிவெடுத்தால், தெரிவிக்கும் முன் எதையும் சரிசெய்யாதீர்கள். வெவ்வேறு நாளில் விழுந்த கீறல்களை ஒரே விபத்தில் சேர்த்து எழுதச் சொல்லும் ஆலோசனையும் வேண்டாம். அது பொய் வாக்குமூலம், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு அது புரியாமலும் இருக்காது.

இன்னொன்று, முதல் கீறல் விழுந்ததும் பலர் ஓடிப்போய் கவர் வாங்குகிறார்கள். கடலோரத் தெருவில் தளர்வாகப் போட்ட கவர் இரவெல்லாம் காற்றில் படபடத்து, அடியில் இருக்கும் மணலை வைத்துப் பெயின்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஈரத்தையும் உள்ளே பிடித்துவைக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் கழுவிக் காய்ந்த வண்டிக்கு மட்டும், அடிப்பட்டையை இறுக்கிக் கட்டிப் போடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால் ஒரு மாதத்துக்குக் கவரும் வேண்டாம், வாக்ஸும் வேண்டாம்.