நுண்துளைத் தார்ச்சாலையில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது எப்படி

மழைநீரைத் தன் வழியே மண்ணுக்கு இறக்கிவிடும் நுண்துளைத் தார்ச்சாலையைச் சோதிக்கப் போனால், ஒரு வாளித் தண்ணீரைச் சும்மா ஊற்றிக் காட்டுவதில்லை நான். ஊற்றியதும் தண்ணீர் காணாமல் போகும். எல்லோரும் அசந்துபோய் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் மறைவது வேறு, மண்ணில் இறங்குவது வேறு.

சாதாரணத் தார்க்கலவையில் காற்று இடைவெளி சுமார் 4 சதவீதம்தான். நுண்துளைக் கலவையில் பொடிஜல்லியைக் குறைத்துவிடுவதால் 16 முதல் 22 சதவீதம் வரை வரும், இடைவெளிகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். கீழே மெல்லிய சிறுஜல்லி அடுக்கு, அதற்கும் கீழே ஒரே அளவான பெருஜல்லி. பெருஜல்லியில் சுமார் 40 சதவீதம் காலியிடம் உண்டு, 300 மி.மீ. ஆழத்துக்குப் போட்டிருந்தால் 120 மி.மீ. மழையைத் தாங்கிக்கொள்ளும். அங்கிருந்து மண் மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும்.

சரி, மேற்பரப்பிலிருந்து தொடங்குவோம். இருபுறமும் திறந்த 300 மி.மீ. விட்ட வளையம் ஒன்றைப் பெருக்கிய தரையில் வைத்து, அடி விளிம்பைச் சுற்றிப் பிளம்பர்கள் கசிவை அடைக்கும் பிசைந்த மாவு போன்ற புட்டியை அழுத்தி ஒட்டுங்கள். முதலில் 3.6 லிட்டர் ஊற்றி நனையவிடுங்கள். அது 30 வினாடிக்குள் இறங்கினால் அடுத்து 18 லிட்டர். இல்லையென்றால் மறுபடியும் 3.6 லிட்டரே போதும். வளையத்துக்குள் தண்ணீர் 10 முதல் 15 மி.மீ. உயரத்திலேயே நிற்கும்படி நிதானமாக ஊற்றுங்கள்.

கடைசியில் குனிந்து பாருங்கள். ஜல்லியின் தலைகள் வெளியே தெரியும். இடுக்குகளில் மட்டும் கண்ணாடி போல ஒரு பளபளப்பு நிற்கும். அது உள்ளே போனதும் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்துங்கள். அந்த வட்டத்தில் 18 லிட்டர் என்பது சுமார் 255 மி.மீ. உயரம். ஒரு நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 15,000 மி.மீ.க்கும் மேல்! எந்த மழையும் இதன் பக்கத்தில்கூட வராது. அதனால் இந்த எண்ணை மழையோடு ஒப்பிடாதீர்கள், அதே இடத்தின் போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரிதாகக் குறைந்திருந்தால் மேலே சில சென்டிமீட்டரில் வண்டல் அடைத்திருக்கிறது. உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்யுங்கள். மணல் மட்டும் தூவவே கூடாது.

பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு வாகன நிறுத்துமிடத்தில் வளையச் சோதனை அருமையாக வந்தது. ஆனால் மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் தாழ்ந்த ஓரத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. தோண்டினால், ஜல்லி கொட்டுவதற்கு முன்பே யாரோ மண்ணின் மேல் ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். மண் தட்டுபோல இறுகிக் கிடந்தது. ஜல்லிப் படுக்கையின் அடியும் 2 சதவீதச் சரிவு; 20 மீட்டரில் 400 மி.மீ. இறக்கம். மண் குடிக்காத தண்ணீர் முழுக்க அந்த ஓரத்துக்கே ஓடிவிட்டது. சரிவான இடத்தில் படுக்கையின் அடியைப் படிப்படியாக, ஒவ்வொரு படியும் மட்டமாக இருக்கும்படி வெட்ட வேண்டும்.

அதனால் கட்டும்போதே ஜல்லியின் அடிவரை ஒரு துளையிட்ட குழாய் வைக்கச் சொல்லுங்கள். மழை நின்றதும் இரும்பு அளவுநாடாவில் சாக்பீஸ் பூசி அதற்குள் இறக்குங்கள். நனைந்த கோடு எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். மணிக்கு 10 மி.மீ. குடிக்கும் மண்ணாக இருந்தால், நிரம்பிய 120 மி.மீ.யும் 12 மணி நேரத்தில் காலி. 72 மணி நேரம் கழித்தும் நாடா நனைந்து வந்தால், கோளாறு தாரில் இல்லை, அடிமண்ணில்.