களாச்செடி வளர்ப்பது எப்படி? விதையிலிருந்து வேலி வரை

வேலிக்கு என்ன செடி வைக்கலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் களாதான். வெள்ளை வெளேரென்று மல்லிகை போலப் பூக்கும், மணக்கும். காயில் ஊறுகாய் போடலாம், பழத்தை அப்படியே சாப்பிடலாம். முள் இருப்பதால் ஆடுமாடு நெருங்காது. நம் மண்ணின் செடி என்பதால் சரளை நிலத்திலும் வளரும்.

விதை: பலர் கோட்டை விடுவது இங்கேதான். கறுத்துக் கனிந்த பழமாகப் பார்த்து எடுங்கள். தண்ணீரில் பிசைந்து, விதையில் ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி, ஒருமணி நேரம் நிழலில் ஆறவிட்டு அன்றைக்கே விதையுங்கள். களா விதையின் உயிர் சீக்கிரம் போய்விடும். காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் முளைக்கும் என்று நம்ப முடியாது.

நாற்று: செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து நாற்றுப் பையில் நிரப்புங்கள். அரை அங்குல ஆழத்தில் விதையை ஊன்றிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் வருடம் ரொம்ப மெதுவாகத்தான் வளரும். அதைப் பார்த்து உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம், பொறுமையாக இருங்கள்.

நடவு: அடுத்த ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் ஒன்றரை அடிக் குழி எடுத்து நடுங்கள். வேலிக்கு மூன்றடி இடைவெளி. தனிப் புதராக வளர்க்க எட்டடியாவது விடுங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர் விட்டால் போதும். வேர் பிடித்த பிறகு வறட்சியைத் தாங்கிக்கொள்ளும்.

கவாத்து: பூ கிளை நுனியில்தான் வரும். பூக்கும் நேரத்தில் வேலி அழகாகட்டும் என்று நுனியை வெட்டினால் அந்த வருடம் காய் இல்லை. அறுவடை முடிந்ததும் வெட்டுங்கள். அப்புறம், அரளி குடும்பத்துச் செடி இது. எங்கே கீறினாலும் வெள்ளைப் பால் வழியும். கத்தியிலும் கையிலும் பிசின் போல அப்பிக்கொள்ளும். முன்பே கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் எளிதாகக் கழுவலாம்.

மூன்றாம் வருடம் வாக்கில் காய்க்கத் தொடங்கும். ஊறுகாய்க்குப் பச்சையும் இளஞ்சிவப்புமாக இருக்கும்போதே பறித்துவிடுங்கள். மிச்சத்தைக் கறுக்க விட்டு, உப்பு தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த விதைகளைத் துப்பிவிடாமல் அடுத்த நாற்றுக்கு எடுத்து வையுங்கள், அன்று மாலைக்குள் ஊன்ற வேண்டும்.